ஊசிக்கு முன் புரட்டிப் பாருங்கள்

ஓய்வு பெற்றுவிட்டாலும் போர்ட் பிளேரில் பழகியவர்கள் ஸ்கேன் படங்களைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். அண்மையில் வந்த ஒரு சீட்டில், 'கல்லீரலில் நீர்க்கட்டி, எஃப்.என்.ஏ.சி. செய்யவும்' (ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்கவும்) என்று மட்டும் எழுதியிருந்தது. எக்கினோகாக்கஸ் ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை பார்க்கவில்லை. நாய் வளர்க்கிறாரா, ஆட்டுக்கிடைப் பக்கம் இருந்தவரா என்றுகூடக் கேட்கவில்லை. கோபம்தான் வந்தது.

அது எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டி என்றால் உள்ளே இருப்பது அழுத்தத்தில் நிற்கும் நீர், அதில் புழுத்தலைகள். ஊசித் துளை வழியே அது வயிற்றுக்குள் கசிந்தால் அங்கேயே அனாபிலாக்ஸிஸ் என்னும் கடும் ஒவ்வாமை வரலாம். அதில் பிழைத்தாலும் சில வருடங்களில் வயிறெங்கும் புதுக் கட்டிகள் முளைக்கலாம்.

சென்னையில் எனக்கு ஸ்கேன் கற்றுத்தந்த பேராசிரியர், நீர்க்கட்டி என்று யார் சொன்னாலும் புரோபைக் கையில் எடுத்துக்கொள்வார். "புரட்டிப் பாருப்பா. புரட்டாம ஊசியைத் தொடாதே." நோயாளியை இடப்பக்கம் சாய்க்கச் சொல்வார். கட்டியின் அடியில் படிந்த ஹைடாடிட் மணல் கிளம்பிச் சுழன்று, கலக்கிய சுண்ணாம்புத் தண்ணீர் தெளிவதுபோல மெல்லப் படியும். பிறகு சுவர் இரட்டைக் கோடாகத் தெரிகிறதா, உள்ளே சேய்க்கட்டி உண்டா என்று பார்க்க வைப்பார். வெளியே வரிசை நீண்டாலும் விடமாட்டார். ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' என்று மொட்டையாக எழுதினால் கிழித்துவிடுவார். இன்று கம்ப்யூட்டரில் இருக்கும் வாசகமே ரிப்போர்ட்டாக வருகிறது. சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் ஊசிக்கு எதிரியல்ல. 1986இல் துனிசியாவில் தொடங்கிய 'பேர்' (PAIR) முறை, அதாவது குத்தி நீரை உறிஞ்சி, மருந்து ஏற்றி, மீண்டும் உறிஞ்சுவது, ஊசியால் செய்வதுதான். சி.இ.1, சி.இ.3ஏ வகை ஹைடாடிட் கட்டிகளுக்கு அது நல்ல வைத்தியம். ஆனால் முன்கூட்டியே ஆல்பெண்டசோல் கொடுத்து, கல்லீரல் சதையின் ஊடாக ஊசியைச் செலுத்தி, அட்ரினலினும் மயக்க மருத்துவரும் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டும். எடுத்த நீரில் பித்தம் கலந்திருந்தால் ஆல்கஹால் ஏற்றவே கூடாது. அமீபா சீழ்க்கட்டிக்கும் பெரும்பாலும் மெட்ரோனிடசோலே போதும். ஊசி எல்லோருக்கும் தேவையில்லை.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினால் முடிவு வர நாளாகும் என்கிறார்கள் இளையவர்கள். வருடக்கணக்கில் வளர்ந்த கட்டி ஒரு வாரம் காத்திருக்காதா? ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்று வந்தாலும் ஹைடாடிட் இல்லை என்றாகிவிடாது; படத்தையும் பார்த்தாக வேண்டும். கச்சால், ஹட்பே போன்ற தீவுப் பகுதிகளில் ஊசி குத்தி ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் கடந்துதான் வர வேண்டும்.

சீட்டு எழுதும் தம்பி தங்கைகளே, 'எஃப்.என்.ஏ.சி. செய்யவும்' என்பதற்கு முன்னால் 'ஹைடாடிட் இல்லையென்று பார்த்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது இல்லாத சீட்டை ஸ்கேன் அறையில் இருப்பவர்கள் திருப்பி அனுப்புங்கள்.