ஃபேன் நின்றால் மோட்டார்தான் போச்சா?

பெண்ணாடம்–விருத்தாசலம் சாலையில் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும் காரின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று போதாது. முழுப் பாரமும் ஃபேன் மேல்தான். அது நின்றதும் மோட்டாரையே மாற்றுவது அவசரப்புத்தி. முதலில் பியூஸ், ரிலே பாருங்கள். பிறகு பேட்டரியிலிருந்து பியூஸ் போட்ட ஒயரில் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுங்கள். ஓடினால் கோளாறு பெரும்பாலும் ரிலே, சென்சார், ஒயரிங், எர்த் பக்கம். "மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறதே, ஒயர் சரிதானே?" என்பார்கள். லோடு இல்லாதபோது ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மோட்டார் கரண்ட் இழுக்கும்போதுதான் வோல்டேஜ் சரியும். அதனால் கனெக்டரைக் கழற்றாமல், ஃபேன் ஓடவேண்டிய நேரத்திலேயே அளக்க வேண்டும். பச்சை பூத்து, சூட்டில் பழுப்பேறிய கனெக்டர் முனை ஒன்றே போதும், நல்ல மோட்டாரை நிறுத்திவிடும். நேர்க் கரண்டில் ஓடும் மோட்டாரும் பிரஷ் தேய்ந்திருந்தால் சூடேறியபின் நிற்கலாம் என்பது நியாயமான மறுப்பு. அதற்குச் சில நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கையை மட்டும் தள்ளி வையுங்கள்: சில கார்களில் சாவியை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலும்.