ஒரே வீச்சு, இரண்டு பந்து

சரத் கமலும் சத்தியனும் பயின்று வளர்ந்த சென்னையின் டேபிள் டென்னிஸ் கூடங்களில் என் கவனம் போவது ஆட்டம் நடக்கும் மேசைக்கு அல்ல. எதிரே ஆளில்லாத மேசையில், பக்கத்தில் ஒரு வாளிப் பந்துடன் தனியாகச் சர்வீஸ் போட்டுப் பழகுபவரிடம்தான். ஒரு பந்து எதிர்ப்பக்கம் குதித்து, வலையை நோக்கித் திரும்பி உருள்கிறது. அதே கைவீச்சில் போன அடுத்த பந்து நேரே ஓடிக் கீழே விழுகிறது. முன்னதில் பேக்ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழற்சி, உண்டு; பின்னதில் சுழற்சி ஏறக்குறைய இல்லை. பந்தை முரட்டுத்தனமாகச் சுழற்றுவதைவிட, சுழன்றதையும் சுழலாததையும் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டுவதே இந்த ஆட்டத்தின் உயர்ந்த கைவேலை என்பேன்.

வீசும் மட்டையில் கைப்பிடியருகே வேகம் குறைவு, நுனியில் அதிகம். பந்தின் அடிப்பாகத்தை நுனிப்பக்க ரப்பரால் மெல்ல உரசினால் அது கடுமையாகச் சுழலும்; அதே வீச்சில் கைப்பிடியருகே அழுத்தமாகப் பட்டால் சுழற்சி ஏறாது. 2.7 கிராம் பந்து ரப்பரைத் தொட்டு விலகும் நேரம் நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். பேக்ஸ்பின் என்று நம்பி எதிராளி மட்டையை மலர்த்திப் பிடித்தால், சுழலாத பந்து எகிறி அடிக்கு வாகாக நிற்கும். சுழலவில்லை என்று நம்பி மட்டையை நிமிர்த்தினால், பந்து வலையில் விழும்.

இது ஏமாற்றுதானே என்று கேட்கலாம். மறைப்பது வேறு, மயக்குவது வேறு. ஒரு காலத்தில் மட்டையின் இருபுறமும் ஒரே நிற ரப்பர் ஒட்டி, ஒன்று பந்தைப் பற்றுவதாகவும் மற்றது வழுக்குவதாகவும் வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவே மட்டையைத் திருப்பினார்கள். 1986இல் ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் கறுப்பு என்று விதியானது. 2002இல், சர்வீஸின்போது கையாலோ உடலாலோ பந்தை மறைப்பதும் தடையானது. இரண்டுமே நியாயமான விதிகள். அதன் பிறகும், திறந்த உள்ளங்கையிலிருந்து குறைந்தது 16 சென்டிமீட்டர் உயர எறிந்து, எல்லாம் எதிராளியின் கண்முன் நடந்தும், பந்து எகிறத்தான் செய்கிறது. கண்டும் பிடிபடாத ஒன்றை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. 2000இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40க்குப் பெருத்தது. 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. சுழற்சியே குறைந்தபின் மாயத்துக்கு என்ன இடம்? குறைந்தது உண்மை; இரண்டு பந்துக்குமான சுழற்சி வேறுபாடு சுருங்கியதால் எதிராளியின் தவறும் சிறிதாகிறது. ஆனால் 2003 பாரிஸ் உலகப் போட்டியில், பெருத்த பந்தை வைத்தே, தென்கொரியாவின் ஜூ செ-ஹ்யூக் மேசைக்கு வெகுதூரம் பின்னால் நின்று, பந்தைப் பேக்ஸ்பின்னோடு வெட்டி வெட்டி இறுதி ஆட்டம் வரை போனார். அவருடைய ஆட்ட வகைக்கு உயிரே, கனமான வெட்டையும் லேசான வெட்டையும் ஒரே இறக்கத்தில் கலப்பதுதான். போதாததற்கு 2001இல் ஆட்டம் 21 புள்ளியிலிருந்து 11ஆகச் சுருங்கி, ஐந்தைந்தாகப் போட்ட சர்வீஸ் இரண்டிரண்டானது. ஒருவரின் கையைப் படிக்க முன்புபோல் தொடர்ந்து ஐந்து பந்து கிடைப்பதில்லை. இரண்டு முடிந்ததும் சர்வீஸ் கைமாறிவிடுகிறது. அந்த இரண்டுக்காகத்தான் தனி மேசையில் வாளி மறுபடி நிரப்பப்படுகிறது.