அளவும் தெளிவும்

தராசும் படியும் சரியாக உள்ளனவா என்று பார்த்துப் பொருள் வாங்கும் நாம், உடல்நலத்தை அளக்கும் கருவியை வாங்கும்போது மட்டும் அந்த விழிப்பைக் கைவிட்டுவிடுகின்றோம். ஆண்டுதோறும் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நடத்தி, அளவின் அருமையை மாணவர்க்கு எடுத்துரைக்கும் நானே இப்பிழையைச் செய்தேன்.

என் உம்மாவுக்குப் பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றெண்ணிக் கருவி வாங்கச் சென்றேன். மேற்கையில் கட்டுவதும் இருந்தது. மணிக்கட்டில் கட்டுவதும் இருந்தது. சிறியது, எளியது, பார்வைக்கு அழகியது என்பதனால் மணிக்கட்டுக் கருவியையே தேர்ந்தேன்.

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் உம்மா கையை நீட்டுவார்கள். கை மடியில் கிடக்கும் நிலையிலேயே அளப்பேன். 160, 165 என்று எண்கள் உயர்ந்தே நின்றன. "என்ன வாப்பா, கூடிருச்சா?" என்று கேட்கையில் அவர்கள் முகம் வாடும். ஒருநாள் மருத்துவரைக் கேளாமலே மாத்திரையை இருமடங்காக்கினேன். மூன்றாம் நாள் உம்மா தலைசுற்றிக் கிணற்றடியில் சாய்ந்துவிட்டார்கள். எலும்பு முறியாதது இறைவனின் கருணை.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். மணிக்கட்டு இதயத்திற்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அளவு ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டுமாம். மேற்கைக் கருவியே வீட்டிற்கு ஏற்றது. அதன் பட்டையும் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும் என்றார். பின்னர் நூல்களைப் புரட்டினேன். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி அமைத்த பட்டை மிகக் குறுகியது. அதனாலேயே அளவு பொய்யாக உயர்கிறது என்பதை 1901-இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் கண்டறிந்து பட்டையை அகலமாக்கினார். நூறாண்டுக்கு முன்னரே அறிஞர் கண்ட உண்மையை, நான் உம்மாவின் உடலை வருத்தி அறிந்துகொண்டேன்.

இப்போது மேற்கைக் கருவி வந்துவிட்டது. அதன் அளவை மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டும் பார்த்துவிட்டோம். அளப்பதற்கு முன் 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். அந்த 5 நிமிடமும் நானும் உம்மாவின் அருகில் அமைதியாக அமர்ந்திருக்கிறேன். கல்லூரிக்கு விரையும் அவசரத்தில் முன்பு எனக்கு வாய்க்காத பொழுது அது.

மாணவச் செல்வங்களே! வீட்டிற்குக் கருவி வாங்குங்கள். அழகு பார்த்து வாங்காதீர்கள். அது காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். மருந்தை முடிவு செய்யும் பொறுப்பை மருத்துவரிடமே விடுங்கள்.