பாதியில் நின்ற சவரம்

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் காற்று ஓய்வதே இல்லை. வேதாரண்யம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் பதிவுசெய்து வந்ததில் காற்றின் இரைச்சல்தான் இருந்தது. மறுபடி கிளம்பியபோது நானும் சேர்ந்துகொண்டேன். இந்த முறை செல்போன் மைக்கின் மேல் பஞ்சு வைத்துக் கைக்குட்டையால் கட்டியிருந்தார்கள்.

“தாத்தா, பேசாம வாருங்க. பேட்டி அப்புறம் எடுத்துக்கலாம்” என்றாள் ஒரு மாணவி, உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவரிடம்.

“சரி பாப்பா, எப்பன்னு சொல்லு.”

பலகை இழுபட, உப்பு சரசரவென்று ஒதுங்கியது. போனை நீட்டியபடி மூச்சை அடக்கிக் குனிந்திருந்தாள் அவள்.

உப்புச் சத்தியாகிரகத்தைத்தான் நான்கு நிமிட ஒலிச்சித்திரமாக்குகிறார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பெடுத்து ராஜாஜி கைதானார். சொந்த ஊர் வரலாறுதான். ஆனாலும் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற பாடமாகவே அது இருந்தது என்றார் ஆசிரியர்.

பாடநூல் கட்டுகள் அடுக்கிய அறைதான் ஒலிப்பதிவுக்கூடம். காகிதம் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். மின்விசிறி ஓடினால் அதுவும் பதிவாகும் என்பதால் வேர்க்க விறுவிறுக்கப் பேசுகிறார்கள். ‘ப’ வரும் இடங்களில் மைக் ‘பட்’டென்று அடிக்கும் என்று போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். அன்றைய தஞ்சை ஆட்சியர் தார்னின் உத்தரவைப் படித்தவன், வகுப்பில் வாயே திறக்காத பையனாம். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று அவன் சொல்கிறபோது குரலில் அதிகாரம் இருந்தது.

உண்மையான வேலை ஹைடெக் லேபில், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் முன்னால் நடக்கிறது. சத்தியாகிரகத்தின்போது, முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் சவரத்தைப் பாதியில் நிறுத்திய நாவிதர் வைரப்பனின் காட்சி அன்று திரையில் இருந்தது. சலூனுக்குப் போய்க் கத்தி தீட்டும் சத்தம் எடுத்து வந்திருந்தார்கள். கத்தி நின்றதும் எத்தனை விநாடி மௌனம் விடுவது? இரண்டு போதும் என்றான் ஒருவன்.

“போதாதுடா. அவர் யோசிச்சிருப்பார்ல? பொழப்பும் போகும், அடியும் விழும்” என்றாள் உப்பளத்துக்கு வந்த மாணவி. நான்கு விநாடி விட்டார்கள்.

வைரப்பன் என்ன இழக்கத் துணிந்தார் என்பதை அந்த இரண்டு விநாடிச் சண்டையில் அவர்களே கண்டுபிடித்தார்கள். எந்த வினாத்தாளும் அவர்களிடம் இதைக் கேட்டதில்லை. பாடநூலை மைக்கில் ஒப்பிக்கவைப்பதால் இது நடக்காது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற முடிவைப் பிள்ளைகள் கையில் விட வேண்டும். ஆசிரியருக்கு அதுதான் கடினம். பக்கத்தில் நின்றும் இவர் மவுசைத் தொடவில்லை.

தடையை மீறி மக்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்ட இடம் வந்தபோது ஒரு பையன் நிமிர்ந்தான். “யார் கட்டுனாங்கன்னு போலீஸுக்குத் தெரியாதா சார்?”

“தெரிஞ்சாலும் எத்தனை பேரைப் பிடிப்பாங்க?” என்றார் அவர். அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதிவில் சேர்த்தார்கள். நீளம் கூடிவிட்டதால் தொடக்க அறிமுகத்தை முழுதாக வெட்டினார்கள்.

அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணினிகளோடு ஹைடெக் லேப் வந்துவிட்டது. இந்த வேலைக்கென்று வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கத்தான் இன்னும் ஆளில்லை. இந்தப் பிள்ளைகள் மதிய உணவு இடைவேளையில்தான் வெட்டி ஒட்டுகிறார்கள்.