மூணு சக்கரம்

ஐந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று. ஒரு கிலோ சீனி பாக்கெட் மூன்று. மொத்தம் எட்டு கிலோ, என் மகனின் எடை. இவற்றைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, தோள் வாரையும் இடுப்பு வாரையும் மாட்டி, நீலாயில் ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். வண்டியை விற்க வந்த சீனப் பெண் முதலில் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அந்த மேட்டுல ஏத்திப் பாருங்க என்று மலாயில் சொன்னார். அப்பா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளையை வைத்துத் தள்ளிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

என் பேறுகால விடுப்பு 98 நாள். 2023 ஜனவரிக்கு முன்பு தனியார் துறையில் 60 நாள்தான் என்பதால், அலுவலகத்து அக்காக்கள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். 99ஆம் நாள் காலை லாபு ஸ்டேஷனில் கொமுட்டர் ஏறினேன். பிள்ளை அம்மாவிடம். வீட்டுக்காரருக்கு ஜொகூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு தள்ளுவண்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நாலு சக்கரம், குடை மாதிரி மடங்கும், ஒரு கையால் தூக்கலாம். கே.எல். செண்ட்ரலின் பளிங்குத் தரையில் அது வழுக்கிக்கொண்டு போகும் அழகே தனி.

லாபுவில் பளிங்குத் தரை இல்லை. மலாயில் லாபு என்றால் பூசணி. ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரிக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. 2009இல் மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று இங்கே ஒரு விமான நிலையம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போனது. கட்டியிருந்தால் எங்கள் வீட்டுப் பின்புறச் சடக்குக்குத் தாராவது போட்டிருப்பார்கள். அது இன்னும் செம்மண் சடக்குதான். செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகள் பள்ளம் பறித்துவைத்த சடக்கு. அதன் வழியாகத்தான் அம்மா தினமும் ஐந்து மணிக்குப் பேரனை வண்டியில் வைத்து மாரியம்மன் கோயில் வரைக்கும் போவார். லயத்து வீடுகளில் இருந்து வெளியேறிப் பல வருடம் ஆன பிறகும் அவருடைய கால் தோட்டத்துப் பக்கம்தான் போகும்.

ஒரு சனிக்கிழமை கடையில் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார்: "ஒங்கம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு? அன்னைக்கு வண்டியோட விழுந்துச்சே."

எனக்குத் தெரியாது. வண்டியின் முன்சக்கரம் உள்ளங்கை அகலம்தான். லாரித் தடத்தில் ஒரு சக்கரம் குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து வேகமாகத் தள்ளி வந்த அம்மா அப்படியே வண்டியின் மேல் சாய்ந்துவிட்டார். வண்டி கவிழ்ந்தது. பிள்ளை வாரில் தொங்கியிருக்கிறான். ஒரு கீறல் இல்லை. அம்மாவுக்கு வலது முட்டி பிய்ந்துபோனது. ஏற்கெனவே தேய்ந்த முட்டி அது. நீளப் பாவாடைக்குள் அதை ஆறு நாள் என்னிடம் மறைத்திருந்தார்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ புள்ளைய தூக்கிட்டு கே.எல்.லுக்குப் போயிருவ."

அவர் சொன்னது தவறில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு காப்பகத்தின் கட்டண விவரம் அப்போது என் கைப்பேசியில் இருந்தது.

அன்றிரவே மூன்று சக்கர வண்டியைத் தேட ஆரம்பித்தேன். கரடுமுரடான தரைக்கு ஏன் மூன்று என்பது முக்காலியைப் பார்த்தால் புரியும். நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் அது ஆடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் உட்காரும். நடைவண்டி செய்த ஆசாரிக்கு இந்தக் கணக்கு தெரியும். அவருக்கும் முன்னால், காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டிய சிறு தேருக்கும் மூன்று கால்தான் என்று பட்டினப்பாலை சொல்கிறது. படிவம் ஆறில் படித்தபோது கோழியை விரட்ட வீசிய காதணி மட்டுமே என் மனதில் தங்கியது. அந்தக் காதணி தடுத்தது ஒரு தள்ளுவண்டியை என்பது பிள்ளை பெற்ற பிறகுதான் உறைத்தது.

எங்கள் பரிசு வண்டியின் வம்சம் வேறு. ஓவன் மெக்லாரன் என்ற ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர், பேத்தியைக் கனமான வண்டியில் வைத்து மகள் படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாயில் குடைபோல் மடங்கும் வண்டியை உருவாக்கி 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். படிக்கட்டு, பேருந்து, விமானம் எல்லாம் அவருடைய கணக்கில் இருந்தன. செம்மண் சடக்கு இல்லை. பெரிய சக்கர வண்டி அதற்குப் பின்னால் 1984இல் வந்தது. அமெரிக்காவில் ஃபில் பேக்லர் என்பவர் மகனையும் கூட்டிக்கொண்டு ஓட்டப்பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டு, தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரத்தை மாட்டினார். எங்கள் அம்மா ஓடப்போவதில்லை. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது ஓடுகிறவனின் வண்டிதான்.

படிக்கப் படிக்கப் பயமும் வந்தது. முக்காலி ஆடாது, ஆனால் ஓரத்தில் எடை விழுந்தால் சாயும். ஆட்டோ வேகமாகத் திரும்பும்போது சாய்கிறதே, அதே சங்கதி. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் பின்பக்கம் மல்லாக்கும். அம்மா கண்டிப்பாக மாட்டுவார். வேகத்தில் போகும்போது முன்சக்கரம் சுழலாமல் பூட்டியிருக்க வேண்டும், கூட்டத்தில் திரும்பும்போது பூட்டைத் திறக்க வேண்டும். சட்டெனக் கழற்றும் கொக்கி வைத்த முன்சக்கரம் சரியாக மாட்டப்படாமல் ஓட்டத்தில் கழன்ற புகார்கள் சுமார் 200 வந்ததாக, 2018இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அதனால்தான் அப்பாவை நீலாய்க்குக் கூட்டிப் போனேன்.

அப்பாவுக்கு ஒற்றைச் சக்கரத்தில் முப்பது வருட அனுபவம். செம்பனைக் குலை வெட்டி, 'கெரெத்தா சோரோங்'கில் போட்டு, மரத்துக்கு மரம் தள்ளிக்கொண்டு வந்து சடக்கோரம் கொட்டுகிற வேலை. ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். பிள்ளைகளின் தள்ளுவண்டிக்கும் மலாயில் அதே பெயர்தான், பின்னால் 'பாயி' சேர்த்துக்கொள்வார்கள். கார் நிறுத்துமிடத்தில் அவர் வண்டியை ஓட்டவே இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றினார், மாட்டினார், ஆட்டினார். மறுபடியும் கழற்றி மாட்டினார். பிரேக்கை மிதித்துவிட்டு மேட்டிலிருந்து தள்ளிப் பார்த்தார். மணிக்கட்டு வாரை இழுத்துப் பார்த்து, "இது ஒங்கம்மா கையில எப்பவும் இருக்கணும்" என்றார்.

சக்கரத்தில்தான் எங்களுக்குள் தகராறு. காற்றடைத்த டயர் அதிர்ச்சியை உள்வாங்கும், ஆனால் செம்பனை மட்டையின் முள் குத்தினால் முடிந்தது கதை. ரப்பர் நுரை டயருக்குப் பஞ்சர் கிடையாது, ஆனால் கல்லில் ஏறும் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் தலை குலுங்கும். நான் நுரை என்றேன். அப்பா விடவில்லை. "காத்து டயரே வாங்கு பாப்பா. கல்லு மாதிரி அடிக்காத, கொஞ்சம் கொறச்சு வை. முள்ளு குத்துனா ஒட்டிக்கலாம். புள்ள கழுத்த ஒட்ட முடியுமா?" அதற்குமேல் நான் பேசவில்லை. இப்படிப்பட்ட வண்டியில் கரட்டுப் பாதைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கழுத்து நன்றாக நிற்க வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர்களும் சொல்கிறார்கள். அவனுக்கு ஏழு முடிந்திருந்தது.

450 வெள்ளிக்கு முடித்து, காரின் பின்னிருக்கையை மடக்கித் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எடை 12 கிலோ. ரயிலில் இதைத் தூக்கிக்கொண்டு ஏற என்னால் ஆகாது, பரிசு வண்டி அதற்கு இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று வண்டியைச் சுற்றி வந்தார். பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தார். கைப்பிடிக்குப் பின்னால் போய் நின்றார். திரும்ப முன்னால் வந்தார்.

"மொகம் தெரியலையே."

பரிசு வண்டியிலும் பிள்ளை முன்பக்கம் பார்த்துத்தான் உட்காருவான். ஆனால் அது குட்டை, கூரையும் சின்னது, எட்டிப் பார்த்தால் கன்னமாவது தெரியும். இதில் உச்சந்தலைகூட தெரியவில்லை. பிள்ளையைத் தள்ளுகிறவர் பக்கம் திருப்பி வைக்கக்கூடிய மூன்று சக்கர வண்டிகளும் உண்டு. புதிதாக நான் பார்த்தவை எதுவும் 2,500 வெள்ளிக்குக் கீழே இல்லை. அதைச் சொன்னேன். ரோடுதான் முக்கியம், விழுந்தது மறந்துபோச்சா என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அம்மா சமையலறைக்குப் போய்விட்டார். சாப்பிடும்போதுதான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல, தட்டைப் பார்த்து.

"ஒன்ன நாப்பத்தஞ்சு நாள்ல ஆயாக் கொட்டகையில போட்டேன். இருட்டு. அஞ்சு மணிக்கு பெரட்டு. துணியில சுத்தி, மொகத்த மூடி, பனி படாம தூக்கிட்டுப் போயி ஆயா கையில குடுப்பேன். மொகத்தப் பாக்க வெளிச்சம் இருக்காது. வெட்டு முடிஞ்சு பால தூக்கிப் போட்டுட்டு வந்தா தூங்கிட்டு இருப்ப. பகல்ல ஒம் மூஞ்சிய நான் பாத்ததே ஞாயித்துக் கெழமதான்."

ஆயாக் கொட்டகை எனக்கு ஒரு வாடையாக மட்டும் நினைவிருக்கிறது. உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் ஏணைகள், மூத்திரம், பால்மாவு, நடுவே யாரோ ஒருவரின் தாய் உள்ளே வரும்போது வரும் ரப்பர் பால் வீச்சம். தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு பகுதி இருக்கிறது. தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் கங்காணியையும் மண்டோரையும் எழுதிவிடுகிறோம். விடியாத இருட்டில் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கைமாற்றிவிட்டுப் போனவர்களை அவ்வளவாக எழுதவில்லை. நானும்தான். இத்தனைக்கும் 99ஆம் நாளிலிருந்து நானும் ஐந்தே முக்காலுக்கு, அவன் தூங்கும்போதே கிளம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டது சும்மா ஒரு கிழவியின் ஆசை இல்லை என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2008இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து உளவியலாளர் சூசன் சீடிக், பிரிட்டன் தெருக்களில் பிள்ளைகளோடு போகும் 2,700க்கும் மேற்பட்ட பெற்றோரைக் கவனிக்கச் செய்தார். முன்பக்கம் பார்த்த வண்டியைத் தள்ளியவர்கள் பிள்ளையோடு குறைவாகவே பேசினார்கள். பிறகு 20 குழந்தைகளை இரண்டு விதமாகவும் உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தபோது, முகம் பார்த்துப் போன தாய்மார்களின் பேச்சு இரண்டு மடங்கானது. சிறிய சோதனைதான், அதிலேயே எல்லாம் முடிவாகிவிடாது. இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்கு எதுக்கு ஸ்காட்லாந்து வரைக்கும் போனாங்க?" என்றார்.

காப்பகத்தின் கட்டண விவரத்தை அன்றிரவு அழித்தேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முட்டிக்கும் சடக்குக்கும் அதுதான் சரி. கூரையில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது, மூடியைத் தூக்கினால் மெல்லிய பிளாஸ்டிக் வழியாக உள்ளே தெரியும். விற்ற பெண் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை, பார்ப்பதற்கு அழுக்காக மங்கிக் கிடந்தது. அம்மா அதைப் பல் தேய்க்கும் பசை போட்டுத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினார். அது போதவில்லை அவருக்கு. பத்து மரத்துக்கு ஒருமுறை பிரேக்கை மிதித்துவிட்டு, முன்னால் சுற்றி வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்த் தள்ளுவார். முன்பு அரை மணி நேரத்தில் போய்வந்த கோயிலுக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. மணிக்கட்டு வாரை மாட்டுகிறாரா என்று கேட்டால் மாட்டுகிறேன் என்பார். அப்பாவிடம் தனியாகக் கேட்டேன். "பாதி நாள்" என்றார்.

போன புதன்கிழமை ரயில் நீலாயைத் தாண்டும்போது அம்மாவிடமிருந்து அழைப்பு.

"டயர்ல காத்து போச்சு. செம்பனை முள்ளு. பெரிய முள்ளு."

"புள்ள எங்கம்மா? நீங்க எங்க நிக்கிறீங்க?"

"கோயில்கிட்டதான். நடந்து வந்துகிட்டு இருக்கேன். இவன இடுப்புல வச்சிருக்கேன்."

முட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அவன் ஏதோ கத்திச் சிரிப்பது கேட்டது. வண்டி என்னாச்சு என்று கேட்டேன்.

"தள்ளிக்கிட்டுத்தான் வர்றேன். அதுல கங்கோங் கீர கெடக்கு. நீ ஒண்ணும் அவசரப்பட்டு பஞ்சர்காரன்கிட்ட போன் பண்ணிட்டு இருக்காத. ஞாயித்துக் கெழம பாத்துக்கலாம்."