அலையும் காரில் களனிக்கு

கொழும்பில் பழைய காரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வார்த்தை தவறாமல் வந்து விழும்: "பழசுதானே, அப்படித்தான் அலையும்." வீட்டுக்காரர் சொல்வார், சாரதி சொல்வார், சில கராஜ்காரர்களும் சொல்வார்கள். சகோதரிகளே, இந்தச் சொல்லை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடும் பயணம் போய்விடாதீர்கள். வயது காரணமாக எந்தக் காரும் ரோட்டில் அலைவதில்லை. எங்கோ ஓர் உறுப்பு தேய்ந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். தேடினால் அகப்படும். அப்படித் தேடுவதற்கு வெள்ளவத்தையிலிருந்து களனிக்குப் போகும் ஏறத்தாழப் பத்து மைல் பாதை ஒரு நல்ல பாடசாலை. முன் ஆசனத்தில் நீங்கள் அமருங்கள். காரோட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணும் காதும் போதும்.

நாம் போகும் கார் என் மச்சானுடைய மொறிஸ் மைனர். 1948இல் லண்டன் கார்க் கண்காட்சியில் வெளிவந்த வண்டி இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முதல் மாதிரியைச் செய்து பார்த்தபோது அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. அதை நீளவாக்கில் நடுவே அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டுவதே சரி என்று முடிவு செய்தார். முன் மூடியின் நடுவே ஓடும் பட்டையில் அந்த நான்கு அங்குலத்தை இன்றும் காணலாம். 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட இந்தக் கார், வளைவில் தடுமாறாமல் ஓடுவதற்கே பெயரெடுத்தது. ஆகவே ஒரு மைனர் அலைந்தால் "அதன் குணம் அது" என்பது காரின் மீது வீண்பழி போடுவதாகும்.

இலங்கையில் இவை இத்தனை காலம் ஓடுவதற்குக் காரணம் ஆசை மட்டும் அன்று. 1960களிலிருந்து 1977 வரை அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் மறுபடியும் இறக்குமதி நின்றது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்த பின்னும், வரியைச் சேர்த்துப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத விலை. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே பலருக்கு வழி. ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது தனியார் காருக்குப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் காரில் ஏறுகிறவர்தாம்.

புறப்படுமுன் வெள்ளவத்தையில் வாசலிலேயே ஒரு வேலை இருக்கிறது. நான்கு டயரையும் சுற்றிப் பாருங்கள். காற்றை, கார் ஓடிச் சூடாகுமுன் அளக்க வேண்டும். மைனர் 1000க்கு அதன் பழைய வகை டயரில் முன்பக்கம் 22 இறாத்தல். ஒரு பக்கம் 22, மறு பக்கம் 15 என்றிருந்தால் மேலே பேச வேண்டியதில்லை, நோய் அங்கேயே இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். பட்டன் தேயாமல் பளபளத்தாலும் பத்து வருடம் கடந்த றபர் இறுகிப்போயிருக்கும். பழைய காரில் இன்னொன்றும் நடக்கிறது: கிடைத்ததைப் போடுவோம் என்று ரேடியல் டயர் இரண்டையும் பழைய குறுக்கு நூல் டயர் இரண்டையும் கலந்து போடுகிறார்கள். ஒரே அச்சில் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று கலக்கவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் பழைய வகை என்று போட்டால் வளைவில் காரின் பின்பகுதி விலகிப் போகும். கடைசியாக, முன் டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் அரத்தைப் போன்ற சொரசொரப்பும் தெரிந்தால், இரு முன் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று நேராக ஓடவில்லை.

காலி வீதியில் வாகன நெரிசலுக்குள் எந்தச் சோதனையும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். 'கார் சரியில்லை' என்பதற்குள் மூன்று நோய்கள் ஒளிந்திருக்கின்றன. கார் எப்போதும் ஒரே பக்கம் போகப் பார்த்தால் அது இழுப்பு. ஸ்டியரிங் கையில் உதறினால் அது நடுக்கம். இப்படியும் போகாமல் அப்படியும் போகாமல் மாறி மாறித் திரிந்தால் அதுதான் அலைச்சல். இழுப்புக்குக் காற்றுக் குறைவோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ காரணமாகலாம். நடுக்கம் பெரும்பாலும் சக்கரத்தின் எடை சமனின்றி இருப்பதால் வருகிறது. அலைச்சல் ஏதோ ஒரு மூட்டின் தளர்ச்சி. அரபு மத்ரஸாவில் நஹ்வு படிக்கும் மாணவன் ஒரு சொல்லின் இறுதி மாறியிருப்பதைக் கண்டால், மாற்றிய 'ஆமில்' எது என்று பின்னால் தேடுவான். கராஜ்களில் பல வேளைகளில் அந்தத் தேடல் நடப்பதில்லை. மச்சானின் காருக்கு ஒரு கராஜில் மூன்று மாதத்தில் மூன்று முறை எலைன்மண்ட் பார்த்துக் காசு வாங்கினார்கள். தளர்ந்த மூட்டை வைத்துக்கொண்டு எலைன்மண்ட் பார்ப்பது, கால் ஆடும் மேசையில் தராசை வைத்து நிறுப்பது போன்றது.

காலிமுகத்திடலுக்கு வந்துவிட்டோம். ரோடு நேராக இருக்கிறது. இப்போது கடலைப் பார்க்காதீர்கள், ஓட்டுபவரின் கைகளைப் பாருங்கள். அவை இடமும் வலமுமாக ஓயாமல் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்கின்றனவா? பல மாதம் ஓட்டியவருக்கு அது பழகிப் போயிருக்கும். கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். நம் ரோடுகள் மழைநீர் ஓடுவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் கார் இடப்பக்கம் மிக இலேசாகச் சாய்வது இயல்பு. அதை நோயில் சேர்க்க வேண்டாம்.

புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிந்த சிவப்புப் பள்ளியைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினால், ஒல்லாந்தர் காலத்து வுல்பண்டால் தேவாலயம் நிற்கும் மேட்டைச் சுற்றிக் குறுகிய தெருக்கள். இங்கே மெதுவாகத் திருப்ப வேண்டியிருக்கும். திருப்பி முடிந்ததும் கையைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகவே நேருக்குத் திரும்பி வரவேண்டும். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதால் சக்கரம் நேராகவே ஓட விரும்புகிறதல்லவா, காரிலும் அந்தச் சாய்வு உண்டு. திரும்பி வராவிட்டால், சக்கரம் திரும்பும் கிங் பின்னில் கிறீஸ் வற்றி இறுகியிருக்கலாம். 1970, 80களின் பல ஜப்பானியக் கார்களில் ஸ்டியரிங் பெட்டி இருக்கும். ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று அதன் திருகை அளவுக்கு மீறி இறுக்கிவிடுவார்கள். கையில் ஆட்டம் குறைந்தது போல் இருக்கும்; ஆனால் ஸ்டியரிங் நடுவுக்கு வராமல் கார் முன்னிலும் மோசமாக அலையும். மைனரில் அந்தப் பெட்டி இல்லை, பல் சட்டம்தான்.

இங்குறுக்கடைச் சந்தியிலிருந்து மேலே ஏறினால் களனிப் பாலம். இந்த ஆற்றை முதலில் 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டிய மிதவைப் பாலத்தில் கடந்தார்கள். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்தது. இப்போது நாம் போவது 2021 நவம்பரில் திறந்த கல்யாணிப் பாலம். உயரத்தில் பக்கக் காற்று அடிக்கும், இணைப்புகளில் கார் இலேசாகத் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்பகுதி தனியாக ஒரு பக்கம் நகர்வது போல் உங்கள் இடுப்பு உணர்ந்தால், குற்றம் முன்னால் இல்லை. பின் அச்சைப் பிடித்திருக்கும் இலைவில்லின் புஷ்களோ, அதன் போல்ட்டுகளோ தளர்ந்திருக்கும். பின் அச்சும் காரைத் திருப்பும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னால் நாலு பேரும் டிக்கியில் அரிசி மூட்டையும் ஏற்றினால் முன்பகுதி இலேசாகி, நல்ல காரும் கொஞ்சம் மிதக்கும். இதையும் நினைவில் வையுங்கள்.

பாலத்தைத் தாண்டிக் களனிப் பக்கம் இறங்கியதும் ஒரு சிறிய பட்டறை. அங்கே இருக்கும் பாஸ் வயதானவர், சிங்களவர், அதிகம் பேசமாட்டார். முதலில் கேட்டது, "கார் வெள்ளத்தில் நின்றதா?" என்பதே. காரணம் இருக்கிறது. 2016 மே மாதத்திலும், டிட்வா புயலோடு 2025 நவம்பர் இறுதியிலும் களனி கங்கை பெருகி இந்தப் பக்கமெல்லாம் மூழ்கியது. வெள்ளத்தில் நின்ற காரின் இருக்கையைக் காயவைத்து எஞ்சினையும் பார்த்துவிடுவார்கள். மூட்டுகளுக்குள் புகுந்த சேற்று நீரை மறந்துவிடுவார்கள். அது கிறீஸைக் கெடுத்து உள்ளிருந்தே அரிக்கும். கடற்காற்றின் உப்பும் அதே வேலையைத்தான் ஆறுதலாகச் செய்கிறது.

பிறகு மச்சானை ஸ்டியரிங்கில் இருக்கச் சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு, இலேசாக ஆட்டச் சொன்னார். தாம் குனிந்து ஒவ்வொரு டை ரொட் முனையிலும் விரலை வைத்துப் பார்த்தார். ஆட்டம் எந்த மூட்டில் காணாமல் போகிறதோ அந்த மூட்டு தேய்ந்தது. அங்கே குறையில்லை. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் தாங்குகட்டை கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரையும் போக விடாதீர்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினார். 'டக், டக்' என்றது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது சக்கரத்தின் பெயாரிங். நிற்கவில்லை. ஆகவே கிங் பின் பக்கம்.

மைனரில் கிங் பின்னின் கீழ் முனை, புரி வெட்டிய ட்ரனியன் என்ற கட்டைக்குள் திருகியிருக்கிறது. நேரத்துக்குக் கிறீஸ் அடிக்காவிட்டால் அந்தப் புரி தேய்ந்துகொண்டே போகும். ஒரு நாள் முழுவதும் கழன்று, முன் சக்கரம் மடிந்து விழும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது விழும், எப்போதும் அப்படியென்று உத்தரவாதம் இல்லை. இடப்பக்கக் கட்டையைக் கழற்றி பாஸ் என் கையில் வைத்தார். புரி என்று சொல்ல இரண்டு சுற்றுக்கூட உருப்படியாக இல்லை. நீங்கள் அமர்ந்து வந்த ஆசனத்துக்கு நேர் முன்னே இருந்த சக்கரம் அது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், மச்சான் ஒன்றும் பேசவில்லை.

உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். போகும்போது கழற்றிய கட்டையையே கொண்டு போங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் புரி எதிரெதிராக வெட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் மாற்றித் தந்தால் திருகவே திருகாது. பின்னையும் கட்டையையும் சேர்த்தே வாங்க வேண்டும். தேய்ந்த பின் புதிய கட்டையைச் சீக்கிரம் தின்றுவிடும். பூட்டிய பிறகு, சக்கரம் தொங்கும் நிலையிலேயே கிறீஸ் அடிக்கச் சொல்லுங்கள். காரின் பாரம் அழுத்தும்போது அடித்தால் கிறீஸ் வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. இவ்வளவும் முடிந்த பின்தான் எலைன்மண்ட். மைனருக்கு முன் சக்கரங்கள் உள்நோக்கிச் சாய வேண்டிய அளவு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொன்னார் பாஸ், போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க. அதற்குக் காசு வேண்டாம் என்றார்.