அக்கினி நட்சத்திரத்தில் ஹீட்டர்!

விருதுநகருக்குப் போய், மே மாத மத்தியானத்தில், 'கார் ஹீட்டர் ரிப்பேர்' என்று சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். பரோட்டாவையே எண்ணெயில் பொரித்தெடுக்கிற ஊர். மனுஷனைப் பொரிக்கிற வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே யாருக்கு ஸார் ஹீட்டர்?

விஷயம் என்னவென்றால், நாம் தொடவே தொடாத அந்தத் திருகுக்குப் பின்னால், டேஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைக் குளிர வைக்கிற அதே தண்ணீர்தான் அதற்குள்ளும். அதில் ஓட்டை விழுந்தால், ஹீட்டரைப் போடாதவனுக்கும் எஞ்சின் தண்ணீர் காலி!

திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாளைப் பார்க்க அம்மாவோடு மதுரையிலிருந்து கிளம்பியிருந்தேன். விருதுநகர் நெருங்கும்போது என் பழைய மாருதிக்குள் ஒரு தித்திப்பு வாசனை.

"யாருடா இங்கே வெல்லப்பாகு காய்ச்சுறது?" என்றாள் அம்மா.

முன் கண்ணாடியில் உள்பக்கமாகப் பிசுபிசுவென்று மூட்டம். துடைக்கத் துடைக்க எதிரே வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. இடப்பக்கக் கால்மிதி சொதசொத.

ஊருக்குள் ஒரு வேப்பமரத்தடி ஒர்க்‌ஷாப். மெக்கானிக் அண்ணாச்சி, கால்மிதி ஈரத்தை விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"ஏ.ஸி. தண்ணின்னா வெறும் பச்சைத்தண்ணி தம்பி. வாசம் இருக்காது. இது வழவழங்குது பாருங்க, கூலன்ட்டு."

(வாசனை தித்திக்கிறதே என்று யாரும் நாக்கில் வைத்துவிடாதீர்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். நாய், பூனை நக்கினாலும் போச்சு.)

எஞ்சின் ஆறும்வரை மூடியைத் தொடவே விடவில்லை அவர். சூட்டோடு திறந்தால் கொதிநீர் மூஞ்சியில் அடிக்கும். ஆறியதும் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். மீட்டர் முள் மெதுவாக இறங்கியது. பானெட்டுக்குள் எங்குமே சொட்டு இல்லை. அடுத்து, ஹீட்டருக்குப் போகிற குழாய், வருகிற குழாய் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டு மறுபடி அடித்தார். முள் அசையவில்லை. திருடன் உள்ளேதான்!

"இப்படியே விட்டுரலாம் தம்பி. நம்மூருக்கு ஹீட்டர் எதுக்கு?"

செலவு மிச்சம்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வழியில் எஞ்சின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டால், ஏ.ஸி.யை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும். நமக்கு வேர்த்து ஊற்றும்; எஞ்சின் பிழைக்கும். ஓரங்கட்டுகிறவரை தாக்குப்பிடிக்கலாம். வெயில் ஊர்க்காரனுக்குத்தான் ஹீட்டர் அவசியம் என்பது என் கட்சி.

"பழசையே பத்த வைக்க முடியாதா அண்ணாச்சி?"

"அலுமினியம், மெல்லிசு, நிக்காது. புதுசு மதுரையிலேர்ந்து நாளைக்கு வரும். இன்னிக்கு இப்படியே போயிட்டு வாங்க. ஒண்ணு தம்பி, சூடு ஏறுச்சுன்னா பட்டாசு ஆபீஸ் வாசல்ல மட்டும் நிறுத்திராதீங்க. அங்கே எவனும் வெல்டிங் பத்த வைக்க மாட்டான்."

ஆமத்தூர் தாண்டியதும் அதன் அர்த்தம் புரிந்தது. கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுவே எட்ட எட்டக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டுமென்றுதான் அந்த இடைவெளி. 2012 செப்டம்பரில் சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் பலியானார்கள். மழை குறைந்த, காய்ந்த காற்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக இருந்து இந்த ஊர்களுக்குச் சோறு போடுகிறது. ஒரு பொறி போதும், எல்லாம் போக. வாசலுக்கு வாசல் எச்சரிக்கைப் பலகை. என் கண் ரோட்டைவிட சூட்டு முள் மீதுதான் அதிகம் இருந்தது. பாதியைத் தாண்டவில்லை. பெருமாள் புண்ணியமோ, அண்ணாச்சி புண்ணியமோ!

மறுநாள் டேஷ்போர்டையே பிரித்துப் போட்டார். அரை நாள் வேலை. புதுசை மாட்டி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் திருகைச் சூட்டுப் பக்கம் முழுசாகத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே சிக்கின காற்று குமிழ் குமிழாக வந்தது. குமிழி நின்றதும் கூலன்ட் ஊற்றி நிரப்பி மூடினார்.

"இப்ப ஹீட்டரைப் போட்டுப் பாருங்க தம்பி."

வெளியே நாற்பது டிகிரி. போட்டேன். அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.